ரைட் சொல்லாத அருள்சாமி

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர் அருள்சாமி. ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வயசு, இடது கால் கொஞ்சம் இழுக்கும். தமிழில் எல்லாச் சொல்லும் அவர் வாயில் வரும். இங்கிலீஷிலும் டிக்கெட், லக்கேஜ், ஸ்டாப்பிங், டிப்போ என்று தடையில்லாமல் வரும். 'ரைட்' மட்டும் வராது.

இது எங்களுக்குப் பெரிய விளையாட்டு. எட்டாம் வகுப்பு பெஞ்சை மூன்றாவது வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு மற்றவர்களைவிட நேரம் அதிகம்.

"கண்டக்டர் மாமா, லெஃப்டுக்கு எதிர்ப்பக்கம் என்னாங்க?"

"சோத்தாங்கை பக்கம்."

"தப்பான கணக்குக்கு இன்ட்டு போடுவாங்க. தப்பில்லாத கணக்குக்கு?"

"கோழிக்கால் போடுவாங்க."

"மொதமொதல்ல ஏரோப்ளேன் வுட்ட அண்ணன் தம்பி பேரு?"

"அண்ணன், தம்பி. போடா சவரி, போய் மூணாங்கிளாஸ் பையனுங்ககிட்ட படி."

ஒரு முறைகூட அவர் மாட்டவில்லை. அவர் சம்சாரம் சாலம்மாளிடம் போய்க் கேட்டேன். அவர் முறத்தைத் தட்டுவதை நிறுத்தினார். "கட்டிக்கினு வந்த புதுசுல தூக்கத்துலகூட அதத்தான் கத்துவாரு. பாய வுட்டு எழுந்திரிச்சி ஓடலாமான்னு இருக்கும். இப்ப குழம்புல உப்பு ரைட்டான்னு கேட்டாக்கூட, போதும்னு சொல்லுவாரு. அந்த வார்த்தைய தொப்பூர்ல வுட்டுட்டு வந்துட்டாருடா. நீ அத நோண்டாத."

தொப்பூர்ல என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். டிரைவர் குப்புராஜ், அவருக்குக் கூடப் பிறந்தவர் மாதிரி. எண்பத்தி ஒண்ணாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கணவாய் இறங்குவதற்கு முன்னால் டீக்கடையில் வண்டி நின்றது. குப்புராஜ் டம்ளரை வைத்துவிட்டு, "பிரேக் கொஞ்சம் லூசா இருக்காப்ல கீது, அருளு" என்றாராம். உள்ளே உட்கார்ந்திருந்த ஜனம் நேரமாச்சு என்று கத்தியது. ஒரு கல்யாணக் கூட்டம் வேறு. அருள்சாமி படியில் ஏறி, பின்னால் ஒரு முறை பார்த்து, "போலாம், ரைட்" என்றார். வண்டி போனது. மூன்றாவது வளைவு வரைக்கும் போனது.

பின்பக்கப் படியில் நின்றதால் அவர் மட்டும் வெளியே தூக்கி எறியப்பட்டு ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டார். குப்புராஜைக் கீழேயிருந்துதான் எடுத்தார்கள். இன்னும் யார் யார் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் அந்தக் கேள்வியை விளையாட்டில் சேர்த்ததில்லை. குறும்புக்கும் ஒரு வேலி இருக்கிறது.

அதற்குப் பிறகு அவருக்கு ஆபத்து எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பித்தது. கோயில் மணிக்கூண்டில் ஒரு செங்கல் பிதுங்கியிருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். புளியமரத்தின் எந்தக் கிளை இந்த ஆடியில் விழும் என்று சொல்வார். சொன்ன கிளை விழாது, பக்கத்துக் கிளை விழும். யாராவது ஓடினால், "ஹோல்டான்!" என்று ஒரு குரல் வரும். பிரசங்க நடுவில் எழுந்து நடந்த ஒரு கிழவரைக்கூட அப்படி நிறுத்தியிருக்கிறார். அந்த ஒரு கண்டக்டர் வார்த்தை மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. நிறுத்துவதற்கு வார்த்தை இருந்தது. அனுப்புவதற்கு இல்லை.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் எங்கள் பெரிய டீச்சர் ராஜமேரி வந்து, பிள்ளைகளைத் தருமபுரிக்குக் கூட்டிப்போய் மியூசியம் காட்டப் போகிறேன் என்றார். பாடத்தில் நடுகல் வந்திருந்தது. படத்தில் அது அம்மிக்கல் மாதிரி இருந்ததால் நேரில் காட்டியே தீரவேண்டும் என்று டீச்சருக்குப் பிடிவாதம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைத்தெரு, தபாலாபீஸ் எல்லாம் காட்டிக்கொண்டே நடத்திப் போவது, மியூசியம் பார்ப்பது, திரும்புவது.

"வேணாங்க டீச்சரம்மா," என்றார் அருள்சாமி.

"ஏன்?"

"நம்ம பசங்க மாட்டுக்கு வழி வுடுவானுங்க. லாரிக்கு வுடத் தெரியாதுங்க."

"அதுக்குன்னு வூட்லயே வெச்சி மூடிடலாமா? நீங்க முன்னாடி ஒரு நாள் போய் வழிய பாத்துட்டு வாங்க. எங்க எது ஆபத்துன்னு சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தை அவரைக் கட்டிவிட்டது. சனிக்கிழமை காலையில் போனவர் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். திங்கட்கிழமை ஜெபம் முடிந்ததும் எங்கள் எல்லார் முன்னாலும் நின்று ஒப்பித்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

"மார்க்கெட்டாண்ட சாக்கடை மேல ஒரு பலகைக்கல்லு ஆடுது. மிதிச்சா ஆளே உள்ள போயிடும். டிரான்ஸ்பார்மர் கம்பத்துல ஒரு ஒயரு கீழ தொங்குது, கரண்ட் இருக்குதா இல்லயான்னு தெரியாது, நான் தொட்டு பாக்கல." இங்கே நான் சிரித்தேன். என் காதைப் பார்த்தபடியே அவர் மேலே சொன்னார். "பழக்கடையாண்ட ஒரு கோயில் காளை. செவப்பு ரிப்பன் கட்டுன பொண்ணுங்க அன்னிக்கு வேற கலரு கட்டுங்க. மியூசியத்துல கல்லெல்லாம் கெட்டியாத்தான் நட்டிருக்காங்க, ஆனா இந்த சவரி மாதிரி யாராச்சும் ஏறுவான். பின்னால ஒரு கெணறு, கம்பி போட்டு மூடியிருக்குது. அந்தக் கம்பிய நான் நம்ப மாட்டேன்."

டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்த வுட சேலம் ரோட்ட தாண்டறதுதாங்க. கருங்கல் பாளம் ஏத்துன லாரி இப்ப நெறய வருது. ஒரு வூடு அளவு கல்லு, நாலு சங்கிலி. பிரேக் அழுத்தி புடிச்சா லாரி நிக்கும், கல்லு நிக்காது. டிரைவர் மேலயே வந்துடும். அதனால கல்லு லாரிக்காரன் பிரேக் புடிக்க மாட்டான். ஆரன்தான் அடிப்பான். ஆரன் கேட்டா, அவன் நிக்கப் போறதில்லன்னு அர்த்தம். ஞாபகம் வெச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் தங்கச்சி பாக்கியமேரி, மூணாங்கிளாஸ், என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவளை உதறிவிட்டேன். கிளாஸ் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது, பிறகு என்னை யார் மதிப்பார்கள்? ஆனால் மெதுவாகத்தான் உதறினேன்.

சாலையைத் தாண்டுவதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கிணற்றுக் கயிறு. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வரவேண்டும், அதுதான் பஸ். அருள்சாமி 'ஹோல்டான்' என்றால் கல் மாதிரி நிற்கவேண்டும். டீச்சர் 'ரைட்' என்றால் நடக்கவேண்டும், ஓடக்கூடாது. வேறு யார் என்ன கத்தினாலும் காலைத் தூக்கக்கூடாது.

"ரைட்ட நீங்களே சொல்லிடுங்களேன், நடுவுல நான் எதுக்கு?" என்றார் டீச்சர்.

"நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

டீச்சர் கயிற்றை எடுத்துவரச் சொன்னார்.

ஒரு வாரம் மைதானத்தில் அந்தப் பஸ் ஓடியது. கயிறு பிடிக்காத பெரிய பிள்ளைகள் நாங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். என்னை அருள்சாமி தனியாகக் கூப்பிட்டார். "டேய் சவரி, உன் வாய்க்கு இப்பத்தான் ஒரு வேலை வந்திருக்கு. இதுங்கள எப்படியாச்சும் ஏமாத்தி நவுத்து பாக்கலாம்."

என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? முதல் நாள் "பாம்பு!" என்றேன், கயிறு நாலா பக்கமும் சிதறியது. இரண்டாம் நாள் "மிட்டாய்!" என்றதற்குப் பாதிப் பேர் ஓடினார்கள். பங்குச் சாமியார் குரலில் கூப்பிட்டேன். டீச்சர் மாதிரி மூக்கால் "ரைட்" என்றேன். அதற்கும் ஏமாந்தார்கள், கோழிக்குஞ்சு மாதிரி. ஒவ்வொரு முறையும் அருள்சாமி அவர்களைத் திரும்ப நிறுத்தி வைத்து, "இது யாரு குரலு? சவரி குரலு. சவரி சொன்னா நவுரலாமா?" என்பார். "நவுரக்கூடாது!" என்று எல்லாரும் கத்துவார்கள்.

வாரக் கடைசியில் நான் என்ன செய்தும் ஒருத்தரும் அசையவில்லை. முன்னால் நின்ற பாக்கியமேரி என் பக்கம் திரும்பி, ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். நீ தோற்றுப்போனாய் என்று அர்த்தம். அருள்சாமி எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். ஜெயித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

போகிற நாள் நல்லபடியாக விடியவில்லை. வானம் அழுக்கு வேட்டி மாதிரி தொங்கியது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. பாக்கியமேரிக்கு அம்மா புதுச் செருப்பு வாங்கியிருந்தாள், வளருகிற கால் என்று ஒரு அளவு பெரிதாக. நடந்தால் குதிரை மாதிரி சத்தம் வந்தது. "இது கழண்டுக்கும், பழச போடு" என்றேன். "உனக்குப் பொறாமை" என்றாள். பஸ்ஸில் அருள்சாமி உட்காரவே இல்லை. டிரைவர் முதுகைப் பார்த்தபடி நின்றுகொண்டே வந்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

தருமபுரியில் அவர் சொன்னது எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது. ஆடுகிற பலகைக்கல் ஆடியது. ஒயர் தொங்கியது. காளை பழக்கடைக்கு முன்னால் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. ஒவ்வொன்றையும் தாண்டும்போது மனசு லேசாகியிருக்கவேண்டும். எனக்கு ஆகவில்லை. இதெல்லாம் எங்களை விட்டுவிட்டு வேறொன்றுக்காக ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி இருந்தது.

சேலம் ரோட்டுக்கு வந்தோம். பஸ்ஸிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த மாதையன் என்ற பொடியன் அங்கேதான் வாந்தி எடுத்தான். டீச்சர் அவனைச் சாக்கடை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "யாரும் அசையாதீங்க, இதோ வந்துடறேன்." அருள்சாமி கயிற்றின் முன்முனையைப் பாக்கியமேரி கையில் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வழி எப்படி என்று பார்க்க ரோட்டைத் தாண்டிப் போனார். கயிற்றுப் பிள்ளைகள் ரோட்டு ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். நாங்கள் பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால்.

அவர் ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. இது டவுன். இங்கே 'ரைட்' சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு முழுக் குரலில், "போலாம், ரைட்! ரைட்!" என்றான்.

கயிறு புறப்பட்டுவிட்டது. அவர்கள் கண்டுபிடிக்கப் பழகியது என் குரலை மட்டும்தான்.

அவ்வளவு அழகாக அது மைதானத்தில்கூட நடந்ததில்லை. ஒரே மாதிரி கால் எடுத்து, ஓடாமல், தலையை நேரே வைத்து நடந்தார்கள். பாக்கியமேரி முன்னால். டவுன் பஸ் தன் வழியில் போய்விட்டது. அப்போதுதான் வடக்கே, இறக்கத்தின் மேல், அந்த லாரி தெரிந்தது. அதன் முதுகில் கருப்பாக ஒரு பாளம். வானத்துக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து அருள்சாமி பார்த்துவிட்டார். அவர் உடம்பில் இருந்த ஒரே வார்த்தை வந்தது.

"ஹோல்டான்!"

கயிறு நின்றது. நடு ரோட்டில், கல் மாதிரி.

லாரி ஆரன் அடித்தது. கை எடுக்காமல் அடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"வாங்க! ஓடியாங்க! இந்தப் பக்கம் ஓடியாங்கடா!" அருள்சாமி கத்தினார். ஒரு காலும் அசையவில்லை. எப்படி அசையும்? வேறு யார் என்ன கத்தினாலும் தூக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. இதுவும் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு, கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் கத்தினேன். "ரைட்! பாப்பா, ரைட்டு! ரைட்டுடீ!"

பாக்கியமேரி திரும்பிப் பார்த்தாள். என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஓடிப் போய் இழுத்திருக்கலாமே என்று பிறகு பலபேர் கேட்டார்கள். அந்த 'ஹோல்டான்' என் காலிலும் ஏறியிருந்தது. டீச்சர் எங்கோ எங்களுக்குப் பின்னால், மாதையன் தலையைப் பிடித்தபடி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அருள்சாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. லாரியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார். டீக்கடை வாசலில் படியில் ஏறி நின்று ஒரு முறை பின்னால் பார்த்த ஆள், இப்போதும் அதே மாதிரி ஒரு முறை பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு வந்தது. மணி அடிப்பவரின் குரல் இல்லை அது. நாங்கள் யாரும் கேட்டிராத குரல், அடிவயிற்றிலிருந்து, ரோட்டையே தூக்குகிற மாதிரி.

"போலாம்ம்... ரைட்! ரைட்ரைட்ரைட்!"

கால்கள் எழுந்தன. அப்போதும் ஓடவில்லை, பாவிகள். நடந்தார்கள். அவர் ரோட்டில் பாய்ந்து கயிற்றின் முனையைப் பிடித்து, தண்ணீர் சேந்துகிற மாதிரி கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார்.

அதற்கு மேல் எனக்குத் தெரியாது. லாரி நடுவில் வந்துவிட்டது. டயர், சங்கிலி, கல். சங்கிலி ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. அந்தக் கல் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீளமான லாரியை எவன் செய்தான் என்று நினைத்தேன். அந்தக் கல்லுக்குப் பின்னால் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காமல் இருப்பதற்காக அதை நினைத்தேன்.

லாரி போனது. எதிர் ஓரத்தில் கயிறு, கயிற்றில் எல்லாரும். அருள்சாமி மண்ணில் உட்கார்ந்திருந்தார். பாக்கியமேரி ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "நான் ஏமாறலயே!" என்று கத்தினாள்.

இன்னொரு செருப்பு நடு ரோட்டில் கிடந்தது. அவள் நின்ற இடத்தில். அப்பளம் மாதிரி.

டீச்சர் ஓடி வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். திரும்பிப் போய்விடலாம் என்றார். அருள்சாமிதான், "இவ்ளோ தூரம் வந்தாச்சுங்க. கல்ல காட்டிடுங்க" என்றார். குரல் கரகரவென்று உடைந்திருந்தது.

மியூசியம் அமைதியாக இருந்தது. வெளியே நின்ற நடுகற்களில் ஆட்கள் வில்லும் கத்தியுமாக நின்றார்கள், சிலர் உடம்பெல்லாம் அம்பு. ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவர்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எந்தக் கல்லின் மேலும் நான் ஏறவில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸ் பார்த்தால் பார்க்கட்டும்.

"கண்டக்டர் மாமா," என்றாள் அவள். "டிரைவருக்கெல்லாம் கல்லு வைக்க மாட்டாங்களா?"

அவர் ஒரு கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "வைக்கறதில்ல பாப்பா."

"நீங்க ஏன் இத்தன நாளா ரைட்டு சொல்லல?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவர் கோபப்படவில்லை.

"அத சொன்னா வண்டி போயிடும் பாப்பா."

"போனா என்னா?"

"போறது நமக்குத் தெரியும். போய் சேந்துச்சான்னு தெரியாது."

சாயங்காலம் எங்கள் ஸ்டாப்பிங்கில் இறங்கினோம். பஸ் காலியாகிவிட்டது, அதற்கு மேல் பென்னாகரம் வரை காட்டு ரோடுதான். கண்டக்டர் பையன், மீசை கூட முளைக்காதவன், விசிலை வாயில் வைத்தான். அருள்சாமி கையைக் காட்டி நிறுத்தினார். இழுத்து இழுத்து நடந்து வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தட்டினார். டிரைவர் பக்கம் போய் நின்றார்.

"பிரேக் எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லாத்தாங்க இருக்கு. ஏன்?"

"மிதிச்சி காட்டு."

டிரைவர் முறைத்தான். அப்புறம் அவர் முகத்தில் என்ன பார்த்தானோ, மிதித்தான். பெடல் உள்ளே போகிற சத்தத்தை அருள்சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னொரு தபா."

மிதித்தான்.

அருள்சாமி இரண்டு அடி பின்னால் வந்தார். உடைந்துபோன குரலில், யாருக்கோ தனியாகச் சொல்கிற மாதிரி, "ரைட்" என்றார்.

வண்டி போனது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடக் கிளம்பினார்கள்.

"ஹோல்டான்," என்றார்.

நின்றோம். பின்விளக்கின் சிவப்பு வளைவில் மறைந்தது. அவர் நகரவில்லை. வண்டி போகிற வழியில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், கல் பெயர்ந்த ஒரு தரைப்பாலம் உண்டு, எந்த வண்டி ஏறினாலும் தடதடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவேண்டிய நேரம் ஆகியும் வரவில்லை. ஒற்றைச் செருப்போடு பாக்கியமேரி என் பக்கத்தில் கல் மாதிரி நின்றாள். நானும் நின்றேன்.